ஸ்டீம் மெஷினா, எக்ஸ்ட்ராக்டரா?

மதுரையில் 14 வருடமாகக் கார் உட்புறச் சுத்தம் செய்யும் பட்டறை நடத்திவருபவர், இந்த இதழில் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

வணக்கம் அண்ணே. ஆறு வருடமாகக் கால் டாக்ஸி ஓட்டுகிறேன். இடுப்பு வலி தாங்க முடியவில்லை. வீட்டு வாசலிலேயே கார் உள்பக்கம் சுத்தம் செய்யும் தொழில் ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன். கையில் 30,000 ரூபாய்தான் இருக்கிறது, ஒரு மெஷினுக்கு மேல் முடியாது. மெஷின் விற்கிறவர், "ஸ்டீம் ஒன்று போதும், எல்லாக் கறையும் போயிடும், கிருமியும் செத்துடும்" என்கிறார். நண்பர் ஒருவர் எக்ஸ்ட்ராக்டர் வாங்கு என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
— வாசகர், திருநெல்வேலி

தம்பி, எக்ஸ்ட்ராக்டர் வாங்குங்கள், அதாவது தண்ணீரைப் பீய்ச்சி அழுக்கோடு உறிஞ்சி எடுக்கும் மெஷின். ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், நாளைக்கு உங்கள் வாடிக்கையாளரும் இதையே கேட்பார்.

நான் தொழிலுக்கு வந்தபோது முதலில் வாங்கியது ஸ்டீம் மெஷின்தான். வாங்கி இரண்டு மாதம் இருக்கும், ஒரு குடும்பத்துக் கார் வந்தது. பின் சீட்டில் வைத்திருந்த பால் பாக்கெட் உடைந்து, ஒரு லிட்டர் பாலும் குஷனுக்குள் இறங்கியிருந்தது. நான் நம்பிக்கையாக ஆவியைப் பிடித்தேன். மேல்துணி பளிச்சென்று ஆனது, வண்டியைக் கொடுத்தும் விட்டேன். நான்காம் நாள் அதே வண்டி திரும்பி வந்தது. கதவைத் திறந்ததும் புளித்த தயிர் வாடை முகத்தில் அடித்தது. சீட்டைக் கழற்றி உறையை உருவிப் பார்த்தால், ஸ்பாஞ்சின் மேல் மஞ்சளாக ஒரு ஏடு படிந்திருந்தது. பால், முட்டை, ரத்தம் எல்லாமே சூடு பட்டால் நாரோடு ஒட்டிக்கொள்ளும். அன்றைக்கு நான் பாலை எடுக்கவில்லை, வேகவைத்திருக்கிறேன். ஸ்பாஞ்சை மாற்றிக் கொடுத்த செலவு என்னுடையது.

ஸ்டீம் மெஷின் என்ன செய்கிறது என்று பாருங்கள். வீட்டுக் குக்கர் விசில் அடிக்கும்போது உள்ளே சுமார் 120 டிகிரி சூடு இருக்கும். 4 பார் அழுத்தமுள்ள ஸ்டீம் மெஷினின் கொதிகலனில் சுமார் 150 டிகிரி. வெளியே வந்ததும் சட்டென்று ஆறிவிடும், ஒரு சாண் தள்ளிப் பிடித்தால் வெறும் ஈரப் புகைதான். பக்கத்தில் பிடித்தால் எண்ணெய்ப் பிசுக்கு இளகும், கிருமி சாகும், ஏசி துவாரத்தின் இடுக்கில் உள்ள தூசி வெளியே வரும். தண்ணீரும் குறைவு, ஒரு கார் முழுக்கச் செய்தாலும் எனக்கு ஒன்றரை லிட்டர் தாண்டாது. ஆனால் இளகிய அழுக்கு எங்கே போகும்? நீங்கள் துணியால் துடைத்து எடுத்தால்தான் உண்டு. துணி எட்டாத இடத்து அழுக்கு அங்கேயேதான் கிடக்கும்.

எக்ஸ்ட்ராக்டர் ஷாம்பு கலந்த தண்ணீரைத் துணிக்குள் பீய்ச்சி, அடுத்த நொடியே உறிஞ்சி எடுக்கிறது. நல்ல தண்ணீருக்கு ஒரு தொட்டி, அழுக்குத் தண்ணீருக்கு ஒரு தொட்டி. கைப்பிடியின் முனையில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் மூடி இருக்கும். டிரைவர் சீட்டின் முதுகுப் பக்கத்தில் முதல் இழுப்பு இழுக்கும்போது அந்த மூடிக்குள் பாருங்கள், கடுங்காப்பி நிறத்தில் தண்ணீர் ஓடும். மூன்றாவது இழுப்பில் டீ நிறம். ஆறாவது, ஏழாவது இழுப்பில் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி வரும். அது தெளியும் வரை விடக்கூடாது. வண்டிக்காரரைப் பக்கத்தில் நிறுத்தி அந்தத் தொட்டியைக் காட்டுங்கள். காசு கொடுக்க யோசிக்கவே மாட்டார்.

நம் ஊரில் பாதிக்கு மேல் வண்டிகளுக்கு ரெக்சின் சீட் கவர்தானே, அதில் எக்ஸ்ட்ராக்டருக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. டாக்ஸிகளில் இன்னும் அதிகம், உங்களுக்கே தெரியும். ரெக்சின், டேஷ்போர்டு, கதவு பிளாஸ்டிக் எல்லாவற்றையும் நீர்த்த கிளீனர், மெல்லிய பிரஷ், மைக்ரோஃபைபர் துணி வைத்துக் கையாலேயே முடித்துவிடலாம். ஸ்டீம் இருந்தால் அரை மணி நேரம் மிச்சமாகும், அவ்வளவுதான். ஆனால் ஸ்பாஞ்சுக்குள் இறங்கிய தண்ணீரை எந்தக் கையாலும் பிழிந்து எடுக்க முடியாது. ரெக்சின் கவரிலும் தையல் வழியாகப் பால் இறங்கத்தான் செய்யும். கவரைக் கழற்றினால் கீழே கம்பெனித் துணி, அதற்குக் கீழே ஸ்பாஞ்ச். தரையில் கார்பெட். இதற்கெல்லாம் உறிஞ்சும் மெஷின்தான் வேண்டும்.

ஒரே ஒரு நிலையில் என் பதில் மாறும். ஈரத்தையும் உறிஞ்சும் வேக்கம் ஏற்கெனவே உங்களிடம் இருந்தால், ஒரு கைப் பம்ப் ஸ்பிரேயரைச் சேர்த்துக்கொண்டு அதை வைத்தே எக்ஸ்ட்ராக்டர் வேலையைச் செய்யலாம். இழுவை கொஞ்சம் மட்டு, நேரமும் கூட ஆகும், ஆனாலும் நடக்கும். அப்படியானால் 30,000-ஐ ஸ்டீமில் போடுங்கள்.

எக்ஸ்ட்ராக்டர் வாங்குகிறவர்கள் செய்யும் பெரிய தப்பு, தண்ணீரை ஊற்றித் தள்ளுவது. ஒரு தடவை பீய்ச்சினால் இரண்டு தடவை வெறுமனே இழுக்க வேண்டும். கடைசியில் ஒரு டிஷ்யூவை வைத்து உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். டிஷ்யூ நனைந்தால் இன்னும் இழுக்க வேண்டும் என்று அர்த்தம். துணி துவைக்கும் பவுடர், பாத்திரம் கழுவும் லிக்விட் எதையும் தொட்டியில் கலக்காதீர்கள். நுரை பொங்கி மோட்டாருக்குள் போய்விடும், துணியில் தங்கும் சோப்பு அடுத்த வாரமே தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நுரை குறைந்த ஷாம்பு என்று கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் காய்வது. சித்திரை வெயிலில் நான்கு கதவையும் திறந்து வைத்தால் ஒரு மதியம் போதும். உங்கள் ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் அது நடக்காது. டேபிள் ஃபேனை சீட்டைப் பார்த்து வைத்து இரவு முழுக்க ஓடவிடுங்கள், மறுநாள்தான் வண்டி தருவேன் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். ஈரத்தோடு கொடுத்த வண்டி பூஞ்சையோடு திரும்பி வரும்.

சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற இணைப்பு இருக்கும் ஒயரைப் பார்த்தால் கையை எடுத்துவிடுங்கள், அது ஏர்பேக் ஒயர். மேல்கூரை லைனிங் பசையில் ஒட்டியது. அதை ஊறவிட்டாலும் சரி, ஆவி காட்டினாலும் சரி, பசை விட்டுத் தொங்கிவிடும். ஈரத் துணியால் ஒரே பக்கமாகத் துடைத்தால் போதும்.

பிறகு காசு சேர்ந்ததும் ஸ்டீம் வாங்குங்கள். அப்போது இரண்டு விஷயம் பாருங்கள். 2,000 வாட் மெஷின் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும், வீட்டின் சாதாரண 6 ஆம்பியர் பிளக்கில் செருகக்கூடாது, 16 ஆம்பியர் பாயிண்ட் போட்டுக்கொள்ளுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் ஊற்றவே ஊற்றாதீர்கள், கொதிகலனில் உப்புப் படிவு கட்டிவிடும். உங்களிடம் பால் கொட்டிய வண்டி வந்தால் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு எக்ஸ்ட்ராக்டர், எல்லாம் வெளியே வந்த பிறகே ஆவி. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

ஐயா, கொடைக்கானல் மலை ஏறும்போது மகள் பின் சீட்டில் வாந்தி எடுத்துவிட்டாள். துணி சீட். அங்கேயே துடைத்தோம், வீட்டுக்கு வந்து சமையல் சோடாவும் போட்டோம். பத்து நாள் ஆகியும் வாடை போகவில்லை. கடையில் ஸ்டீம் போடச் சொல்லட்டுமா?
— வாசகி, திண்டுக்கல்

ஸ்டீம் வேண்டாம் அம்மா, எக்ஸ்ட்ராக்டர் உள்ள கடையாகப் பார்த்துக் கொண்டுபோங்கள். அதற்கு முன் ஒன்று பாருங்கள். சீட் பெல்ட்டை முழுவதுமாக வெளியே இழுத்து முகர்ந்து பாருங்கள், பெல்ட் மாட்டும் பக்கிளின் வாயையும் டார்ச் அடித்துப் பாருங்கள். சீட்டை எத்தனை தடவை கழுவினாலும் வாடை போகவில்லை என்று வருகிற வண்டிகளில் பல நேரம் அங்கேதான் காய்ந்து ஒட்டியிருக்கும். பெல்ட்டை வெளியே இழுத்து, சுருளாதபடி கிளிப் போட்டு, ஈரத் துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு உள்ளே விடுங்கள். பக்கிளுக்குள் தண்ணீர் ஊற்றாதீர்கள், காதுக் குச்சியில் ஈரம் தொட்டு எடுங்கள்.

அடுத்த பயணத்தில் இப்படி ஆனால் தேய்க்காதீர்கள். அட்டையால் வழித்து எடுத்து, பச்சைத் தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி ஒற்றி எடுங்கள். தேய்த்தால் உள்ளே இறங்கிவிடும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் காருக்குள் அரை அடி தண்ணீர் நின்றது. இன்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்று தடவை ஸ்டீம் போட்டாயிற்று. வெயில் காலத்தில் நன்றாக இருக்கிறது, மழை தொடங்கினால் பழைய வாடை வந்துவிடுகிறது.
— வாசகர், பள்ளிக்கரணை

ஆவி போனது கார்பெட்டின் மேல் மட்டும். கார்பெட்டுக்கு அடியில் சத்தம் வராமல் இருக்க விரல் தடிமனுக்கு ஃபெல்ட்டோ ஸ்பாஞ்சோ போட்டிருப்பார்கள். வெள்ளத் தண்ணீர் அதில்தான் ஊறியிருக்கிறது, அதனோடு வந்த சேறும் அங்கேயே தங்கியிருக்கிறது. மழைக்காலத்துக் காற்றின் ஈரம் பட்டதும் பூஞ்சை மறுபடி எழுந்துகொள்கிறது.

இதற்கு மேலிருந்து எக்ஸ்ட்ராக்டர் போட்டாலும் முழுதாகத் தீராது. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, சீட் நான்கையும் இறக்கி, கார்பெட்டை உரிக்க வேண்டும். ஏர்பேக் இணைப்புகள் இருப்பதால் கார் எலக்ட்ரீஷியன் ஒருவர் கூட இருக்கட்டும். அடியில் உள்ள ஃபெல்ட்டைக் கழுவிக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், வெட்டி எறிந்துவிட்டுப் புதிது போடுங்கள். கார்பெட்டை எக்ஸ்ட்ராக்டரில் இழுத்து, வெயிலில் இரண்டு நாள் போடுங்கள். தரைத் தகட்டில் துரு இருந்தால் சுரண்டி பிரைமர் அடியுங்கள். தகடு வெளியே தெரிகிற இந்த நேரத்தில்தான் ஸ்டீமுக்கு நல்ல வேலை உண்டு. தகடுகள் சேரும் இடுக்கு, சீட் தண்டவாளம், ஒயர் போகாத மூலைகள் எல்லாவற்றிலும் ஆவி காட்டித் துடைத்தால் மிச்சம் மீதியும் போகும். மாசி, பங்குனியில் இந்த வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு தடவை தண்ணீர் புகுந்தால், துடைப்பதற்கு முன்னால் தண்ணீர் நின்ற அளவு தெரியும்படி போட்டோ எடுத்து இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லிவிடுங்கள். சொந்தச் சேதத்துக்கும் சேர்த்து எடுத்த பாலிசி என்றால் வெள்ளச் சேதத்துக்குக் கேட்கலாம். தண்ணீர் புகுந்து இன்ஜின் போனால் அதற்குத் தனியாக இன்ஜின் பாதுகாப்பு சேர்த்திருக்க வேண்டும். சாவியைத் திருப்பிப் பார்க்கும் ஆசை மட்டும் வேண்டாம், இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.

வாடகைக் காரில் மூட்டைப்பூச்சி. மருந்தடிக்கப் பயமாக இருக்கிறது, பயணிகளில் குழந்தைகளும் உண்டு. ஸ்டீம் உதவுமா?
— வாசகர், ஈரோடு

உதவும், இதற்கு ஸ்டீம்தான் சரி. 50 டிகிரியைத் தாண்டிய சூட்டில் பூச்சியும் முட்டையும் பிழைக்காது. சீட்டின் தையல் ஓரம், சாய்மானமும் இருக்கையும் சேரும் மடிப்பு, தண்டவாளம் ஆகிய இடங்களில் முனையை ஒட்டிப் பிடித்து, விரல் நகரும் வேகத்தில் மெதுவாக நகர்த்துங்கள். வேகமாக ஓட்டினால் பூச்சி சாகாமல் உள்ளே ஓடிவிடும். ரெக்சினில் ஒரே இடத்தில் நிறுத்தினால் சுருங்கிவிடும், அங்கே மட்டும் முனையில் துணி சுற்றிக்கொள்ளுங்கள். பத்து நாள் கழித்து மறுபடி ஒரு தடவை செய்யுங்கள், முதல் தடவை தப்பிய முட்டைகள் அதற்குள் பொரித்திருக்கும்.