அணி எதனால் உடைகிறது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இளைஞர் கழகத்து உதைபந்தாட்ட அணியை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பள்ளிக்கூட வேலை முடிந்து பின்னேரம் போய் மைதானத்தில் நிற்பேன். வெளிநாட்டுக் கழகங்களில் ஆடிக்கொண்டே தங்களைத் தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொன்ன வீரர்களைப் பற்றி நீங்கள் எழுதியதை எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். இரண்டு நாள் சண்டை ஓயவில்லை.

ஒருவர் எப்படி இருக்கிறார் என்பது அவருடைய சொந்த விஷயம், எனக்கு அதில் ஒன்றும் இல்லை. ஆனால் அதை ஏன் ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டும்? சொன்னதும் கேமரா எல்லாம் அவர் பக்கம் திரும்புகிறது. மற்றப் பத்துப் பேரும் ஓடி விளையாடியது யாருக்கும் தெரியாமல் போகிறது. அணிக்குள் மனக்கசப்பு வராதா? அமெரிக்காவில் மைக்கல் சாம் என்பவரை இதனால்தான் கழற்றிவிட்டார்கள் என்று குழுவில் ஒருவர் எழுதியிருந்தார்.

இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் அணியிலேயே ஒருவனைப் பற்றி இப்படிப் பேச்சு. கொழும்பில் வேலை, இருபது தாண்டியவன். அவனாக எதுவும் சொன்னதில்லை. வெளியூர்ச் சுற்றுப்போட்டிக்குப் போனால் அவனோடு ஒரே இடத்தில் படுக்க மாட்டோம் என்று இரண்டு பேர் சொல்கிறார்கள். இந்த வருடம் அவனைத்தான் அணித்தலைவராகப் போடுவதாக இருந்தேன். என்ன செய்யட்டும்?

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள தம்பி,

கடிதத்தில் ஊரையும் ஆளையும் காட்டிக்கொடுக்கக்கூடிய விபரங்கள் சிலவற்றை எடுத்துவிட்டேன், சிலவற்றை மாற்றிவிட்டேன். நீங்கள் அனுப்பியபடியே போட்டிருந்தால் அடுத்த நாள் விடியற்காலை, வேலைக்குப் பேர் பதியக் கூடும் பெரட்டுக் களத்தில் வேறு பேச்சே இருந்திருக்காது.

முதலில் மைக்கல் சாம். உங்கள் குழுவில் எழுதியவர் பாதிக் கதையைத்தான் சொல்லியிருக்கிறார், அதுவும் பின்பாதியை. சாம் ஆடியது நம்முடைய உதைபந்தாட்டம் இல்லை, தலைக்கவசம் போட்டு மோதுகிற அமெரிக்க உதைபந்தாட்டம். மிசூரி பல்கலைக்கழக அணியில் தடுப்பு வரிசையில் இருந்தார். 2013 ஆகஸ்டில், போட்டிகள் தொடங்குவதற்கு முன், அணிக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் தான் தன்பாலீர்ப்பாளர் என்று சொன்னார். நூறு பேர் அளவில் இருக்கும் அணி அது. எல்லாம் இருபது வயதுப் பையன்கள், ஆளுக்கொரு கைப்பேசி. அந்தப் பருவம் முடியும்வரை அவர் பெயர் எந்தப் பத்திரிகையிலும் அந்தக் காரணத்துக்காக வரவில்லை. அணி 14 ஆட்டங்களில் 12ஐ வென்றது. அவர்கள் ஆடும் பிராந்தியத்தின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை சாம் இன்னொருவரோடு பகிர்ந்துகொண்டார்.

நூறு பேர் ஒரு விஷயத்தை மாதக்கணக்கில் காப்பாற்றியிருக்கிறார்கள். ஒற்றுமைக்கு இதைவிடப் பெரிய சாட்சி எங்கே போய்த் தேடுவது? நம் தோட்டத்தில் மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது சொன்ன ரகசியம் அந்தி சாய்வதற்குள் அடுத்த டிவிசனுக்குப் போய்விடும்.

குழப்பம் வந்தது அதற்குப் பிறகு. 2014 பெப்ரவரியில் சாம் பத்திரிகைகளுக்குச் சொன்னார். தொழில்முறை லீக்கின் அணிகள் முறைபோட்டுப் புது ஆட்களை எடுக்கும் வீரர் தெரிவு மே மாதம் நடந்தது. அதில் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணி அவரைக் கடைசிச் சுற்றில், 249ஆவது ஆளாக எடுத்தது. அப்புறம்தான் கூத்து. முன்னாள் பயிற்றுநரான டோனி டன்ஜி, தானாக இருந்தால் சாமை எடுத்திருக்க மாட்டேன், அதோடு வரும் தொல்லைகளைச் சமாளிக்க விரும்பியிருக்க மாட்டேன் என்ற பொருளில் பேசினார். அந்தப் பேச்சே பல நாள் செய்தியாக ஓடியது. ஆகஸ்ட் கடைசியில் ஒரு பெரிய விளையாட்டுத் தொலைக்காட்சி, சாம் சக வீரர்களோடு சேர்ந்து குளிக்கிறாரா, தனியாகக் குளிக்கிறாரா என்று அணிக்குள் விசாரித்து அதைச் செய்தியாகவே வாசித்தது. ராம்ஸ் பயிற்றுநருக்குக் கோபம் வந்தது, வீரர்களுக்கும் வந்தது. தொலைக்காட்சி மறுநாள் மன்னிப்புக் கேட்டது. இதில் சாம் செய்தது என்ன? குளித்தது. குளியலறை வாசல்வரை மைக்கைக் கொண்டுபோனது யார் என்று உங்கள் குழுவில் கேட்டுப் பாருங்கள்.

சில நாளில் அவரை விடுவித்தார்கள். கடைசிச் சுற்றில் எடுக்கப்படுகிறவர்கள் இறுதிப் பட்டியலில் இடம் பிடிக்காமல் போவது அங்கே வழக்கம்தான். ராம்ஸ் அணிக்கு அந்த இடத்தில் ஏற்கெனவே நல்ல ஆட்கள் இருந்தார்கள். ஆனால் பயிற்சி ஆட்டங்களில் எதிரணியின் பந்து எறிபவரை 3 தடவை மடக்கி விழுத்தியவர் சாம். டல்லாஸ் அணியின் பயிற்சிக் குழுவில் கொஞ்ச நாள் இருந்தார், அவர்களும் விட்டார்கள். கடைசியில் கனடாவில் மொன்றியல் அணிக்கு 2015இல் ஒரே ஒரு ஆட்டம். கவனம் அவருக்குப் பாரமாக இருந்தது என்பதில் உங்களோடு எனக்குச் சண்டையில்லை. அந்தப் பாரத்தை அவர் தலையில் ஏற்றியது கூட ஆடியவர்கள் என்று சொன்னால்தான் மறுப்பேன்.

7 வருடம் கழித்து, 2021 ஜூனில், அதே லீக்கில் லாஸ் வேகாஸ் ரெய்டர்ஸ் அணியின் கார்ல் நாசிப் தன் வீட்டு முற்றத்தில் நின்று ஒரு சின்ன வீடியோ எடுத்துப் போட்டார். தான் ஒதுங்கி வாழ்கிற ஆள், கவனம் தேடி இதைச் சொல்லவில்லை என்று அதிலேயே சொன்னார். செப்டம்பரில் முதல் ஆட்டம். ஆட்டம் சமநிலையாகி மேலதிக நேரத்துக்குப் போனபோது, பால்டிமோர் அணியின் பந்து எறிபவர் கையிலிருந்து பந்தைத் தட்டிவிட்டவர் நாசிப். அதை வைத்துத்தான் அவர்கள் வென்றார்கள். மறுநாள் பேச்சு அந்தப் பந்தைப் பற்றியது. முதல் ஆளைச் சுற்றி நூறு கேமரா நிற்கும், அடுத்தவரைச் சுற்றிப் பத்து. பெண்கள் உதைபந்தாட்டத்தைப் பாருங்கள். 2019 உலகக் கிண்ணம் வென்ற அமெரிக்க அணியில் மேகன் ரபினோ வெளிப்படையாகச் சொன்னவர். அஷ்லின் ஹாரிசும் அலி கிரீகரும் ஒரே அணியில் ஆடிக்கொண்டு, அந்த வருடக் கடைசியில் கல்யாணமும் முடித்துக்கொண்டவர்கள். பயிற்றுநர் ஜில் எல்லிசும் ஒரு பெண்ணை மணந்தவர். லியோன் நகரில் நெதர்லாந்தை 2–0 என்று வென்று கிண்ணத்தைத் தூக்கினார்கள். அப்போது பத்திரிகைகள் சண்டை பிடித்தது சம்பளத்தைப் பற்றியும், ரபினோவுக்கும் டிரம்புக்கும் நடந்த வாய்த்தர்க்கத்தைப் பற்றியும்தான். அணி உடைந்ததா என்று யாரும் கேட்கவில்லை.

‘ஏன் சொல்ல வேண்டும்’ என்று கேட்டீர்கள். கல்யாணம் முடித்த பையன் பெஞ்சாதியோடு மைதானத்துக்கு வந்தால் நாம் என்ன செய்கிறோம்? விசில் அடிக்கிறோம். கோல் போட்டால் ‘மாப்பிள்ளை போட்டுட்டான்’ என்கிறோம். அவன் வாயே திறக்காமல் எல்லாவற்றையும் சொல்லியாகிவிட்டது. மற்றவன் அதே மைதானத்தில் ‘உனக்கு எப்ப?’ என்ற கேள்விக்கு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு பொய் தயார் பண்ண வேண்டும். இங்கிலாந்தில் பிளாக்பூல் உதைபந்தாட்ட அணியின் ஜேக் டேனியல்ஸ் 2022 மே மாதம் வெளியே சொன்னபோது அவருக்கு வயது 17. பொய் சொல்லியே வாழ்ந்தது எவ்வளவு வெறுத்துப் போயிற்று என்று பேசினார். அம்மாவுக்கும் சகோதரிக்கும் சொன்ன அடுத்த நாள் இளையோர் ஆட்டத்தில் 4 கோல் அடித்தாராம். எனக்கு அந்த 4 கோல் ரொம்பப் பிடித்த விபரம். தலையில் இருந்ததை இறக்கி வைத்தவன் கால் எப்படி ஓடும் என்று பயிற்றுநரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

டேனியல்சுக்கு முன்னால் இங்கிலாந்தில் ஆண்கள் உதைபந்தாட்டத்தில் ஆடிக்கொண்டிருக்கும்போதே சொன்ன தொழில்முறை வீரர் ஜஸ்டின் ஃபசானு, அதுவும் 1990இல். 1981இல் பத்து லட்சம் பவுண் கொடுத்து நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் வாங்கிய கறுப்பினத்தவர். அவரைப் பற்றிய வதந்தி காதில் விழுந்ததும் பயிற்றுநர் பிரையன் கிளஃப் அவரை அணியோடு பயிற்சிக்கே வர விடவில்லை. பின்னாளில் சொந்தத் தம்பியே பத்திரிகையில் அவரைக் கைவிட்டுப் பேசினார். 1998இல், 37 வயதில், உயிரை மாய்த்துக்கொண்டார். ‘ஒற்றுமை கெடும்’ என்று பயந்து ஒருவனை ஒதுக்கிவைக்கும்போது நடப்பது இது. கிளஃப் சாதாரணப் பயிற்றுநர் இல்லை, ஃபாரஸ்டுக்கு இரண்டு தடவை ஐரோப்பியக் கிண்ணம் வாங்கிக் கொடுத்தவர். அவருக்கே இது கைவரவில்லை.

எனக்குப் பிடித்த கதை வேறு. 2020 செப்டம்பர், அமெரிக்காவில் சான் டியேகோ லோயல் என்றொரு இரண்டாம் மட்டத்து அணி. பயிற்றுநர் லேண்டன் டொனவன், அமெரிக்க தேசிய அணிக்காக ஆடிய பெரிய பெயர். அணியில் கொலின் மார்ட்டின் 2018இலேயே வெளியே சொன்னவர். பீனிக்ஸ் அணியோடு ஆட்டம், 3–1 என்று முன்னால் நிற்கிறார்கள். வென்றால் அடுத்த சுற்றுக்குப் போக வழியிருக்கிறது. இடைவேளைக்குக் கொஞ்சம் முன்பு எதிரணி வீரர் ஒருவர் மார்ட்டினைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னதாகத் தகராறு. டொனவன் மத்தியஸ்தரிடம் பேசினார், எதிரணிப் பயிற்றுநரிடமும் பேசினார். ஒன்றும் நடக்கவில்லை. இடைவேளை முடிந்து வந்தார்கள், விசில் ஊதியதும் முழந்தாளிட்டார்கள், எழுந்து எல்லோரும் மைதானத்தை விட்டு வெளியே நடந்தார்கள். கையில் இருந்த வெற்றி போயிற்று, பருவமும் அதோடு முடிந்தது. அந்த எதிரணி வீரர் அப்படிச் சொல்லவேயில்லை என்றார். விசாரணைக்குப் பிறகு லீக் அவருக்கு 6 ஆட்டத் தடை விதித்தது.

இனி நம் பக்கம். மலையகத்து அணிகள் உடைந்ததை நானும் பார்த்திருக்கிறேன், நீங்களும் பார்த்திருப்பீர்கள். மேல் டிவிசனா கீழ் டிவிசனா என்று உடைந்திருக்கிறது. எந்தச் சங்கத்துக்காரன் கொடுத்த ஜெர்சி என்று உடைந்திருக்கிறது. திருவிழாக் கணக்கில் வந்த சண்டை மைதானத்துக்கு இறங்கி உடைந்திருக்கிறது. சாதியைச் சொல்லவே வேண்டாம். இதில் எதற்காவது ‘அந்த ஆளை வெளியே போடு, ஒற்றுமை வரும்’ என்று யாராவது சொன்னார்களா? பேசி, கத்தி, கடைசியில் பெரியவர்கள் யாராவது வந்து சேர்த்துவைத்தார்கள். இதற்கு மட்டும் ஏன் ஆளை வெளியே போடுகிற வைத்தியம்?

படுக்கிற விஷயம். வெளியூர்ப் போட்டிக்குப் போனால் ஏதாவது பாடசாலை வகுப்பறையில் மேசை நாற்காலியை ஒதுக்கிவிட்டுப் பாய் விரித்துத்தானே படுக்கிறீர்கள்? பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்துக் காம்பராவில் தாத்தா முதல் பேரன் வரை கால் மாட்டில் தலை வைத்துப் படுத்து வளர்ந்தவர்கள் அந்த இரண்டு பேரும். அவர்களுக்கு இப்போது திடீரென்று இடம் போதவில்லை. யார் எங்கே படுப்பது என்பதை நீங்களே எழுதி வாசியுங்கள், அவனைத் தனியாக ஒரு மூலைக்குத் தள்ளாமல். மறுக்கிறவர்கள் வராண்டாவில் படுக்கட்டும். நுவரெலியாக் குளிரில் ஒரு இரவு போதும்.

அவனைக் கூப்பிட்டு ‘உண்மையைச் சொல்’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். நல்லெண்ணத்தோடுகூட வேண்டாம். இது நாசிப் இருக்கிற நாடு இல்லை. வெள்ளைக்காரன் 1883இல் எழுதிவைத்த தண்டனைச் சட்டக்கோவையில், தன்பாலுறவைக் குற்றமாக்கும் 365, 365அ பிரிவுகள் இங்கே இன்னும் இருக்கின்றன. 1995இல் திருத்தியபோது பெண்களையும் அதற்குள் கொண்டுவந்தார்கள். அவற்றை மாற்றும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று உயர் நீதிமன்றம் 2023 மே மாதம் சொன்னது. சொன்னதோடு நிற்கிறது. இந்தியாவில் 2018இலேயே நீதிமன்றம் தீர்த்துவைத்த விஷயம் இது. அவன் சொல்வதும் சொல்லாமல் இருப்பதும் அவன் கணக்கு. நாளைக்கு அவனாக வந்து சொன்னால் ‘சரிடா, பயிற்சிக்கு நேரத்துக்கு வா’ என்று சொல்லுங்கள், போதும்.

உங்கள் கையில் இருப்பது ஊடகம்தான். சிரிக்காதீர்கள். போட்டியை லைவ் போடும் அந்த முகநூல் பக்கமும் உங்கள் வாட்ஸ்அப் குழுவும்தான் அவனுக்கு ஊடகம். அவனைப் பற்றி மறைமுகமாகக் கிண்டல் வந்தால் அழித்துவிட்டு, போட்டவனை அடுத்த ஆட்டத்தில் வெளியே உட்கார வையுங்கள். காரணத்தை எல்லோர் முன்னாலும் சொல்லி உட்கார வையுங்கள். இரண்டாவது தடவை தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

அணித்தலைவர் பதவியைப் பற்றி யோசனை என்றீர்கள். பேச்சு கிளம்புவதற்கு முன்னால் அவனைப் போட ஏதோ காரணம் வைத்திருந்தீர்கள் அல்லவா? பின்களத்தில் நின்று சத்தம் கொடுத்து ஆட்களை ஒழுங்குபடுத்துகிறவனாக இருக்கலாம், தோற்கும்போது கூட ஆடுகிறவனை ஏசாதவனாக இருக்கலாம். அந்தக் காரணம் இன்னும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால், போட்டிக்கு முதல் நாள் வரை இழுத்தடிக்காமல் இந்த வாரப் பயிற்சியிலேயே பட்டியை அவன் கையில் கட்டிவிடுங்கள். கடைசி நேரத்தில் அறிவித்தால் அதுவும் ஒரு பேச்சாகிவிடும்.

அன்புடன்,
அண்ணன்