ஜமைக்காவின் ஜார்ஜ் வில்லியம் கோர்டனை ஏன் தூக்கில் போட்டார்கள்?

நிலக்கிழார், சட்டசபை உறுப்பினர்; அவருக்கா தூக்கு என்று கேட்டிருக்கிறீர்கள். கோர்டனின் அப்பா ஸ்காட்லாந்துத் தோட்ட முதலாளி, அம்மா அடிமைப் பெண். நிலம் வாங்கி, விடுதலையான ஏழைகளுக்குச் சிறு துண்டுகளாகப் பிரித்து விற்றார். சட்டசபையில் பிரிட்டிஷ் ஆளுநர் எட்வர்ட் அய்ரை விடாமல் கண்டித்தார். உண்மையான காரணம் அதுதான் என்பேன்.

1865 அக்டோபர் 11-ல் மொரன்ட் பே என்ற ஊரில் அரசுக்கு எதிராகக் கலகம் வெடித்தபோது கோர்டன் அங்கே இல்லை. ஆனாலும் அதைத் தூண்டிவிட்டவர் என்று அவர்மேல் பழி போட்டார்கள். அவர் கைதான கிங்ஸ்டனில் ராணுவச் சட்டம் கிடையாது. அதனால் கப்பலில் ஏற்றி, அந்தச் சட்டம் இருந்த மொரன்ட் பே ஊருக்கே கொண்டுபோனார்கள். அவசர அவசரமாக ஒரு ராணுவ விசாரணை. அப்புறம் அக்டோபர் 23-ல் தூக்கு. கடைசியாகக் கிடைத்த கொஞ்ச நேரத்தில் மனைவிக்குக் கடிதம் எழுதினார். நினைத்தாலே மனசு கனக்கிறது.

இன்று ஜமைக்கா நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அவர் பெயர்தான்.