பழைய சேலையும் இரண்டு பவுன் சங்கிலியும்

கேள்வி: வணக்கம் ஐயா. பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வீட்டுக்காரர் கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறார். கைக்கு 19,000 ரூபாய் வருகிறது. எனக்குத் தையல் தெரியும், அம்மா கொடுத்த கால் மெஷின் இருக்கிறது. பழைய ஜீன்ஸிலும் சேலையிலும் பை தைத்து அக்கம்பக்கத்தில் 50 ரூபாய்க்குக் கொடுத்தேன். ஒரு மாதத்தில் 14 பை போயிற்று. பொள்ளாச்சியில் கடை வைத்திருக்கும் எங்கள் அண்ணி, வாரம் 30 பை அனுப்பு, விற்றுத் தருகிறேன் என்கிறார். பவர் மெஷினும் ஓவர்லாக் மெஷினும் சேர்த்து 48,000 ஆகுமாம். 2 பவுன் சங்கிலியை வைத்தால் தெரிந்தவர் ஒருவர் ஒன்றரை வட்டிக்குத் தருவார். பழைய துணி சும்மா கிடைப்பதுதானே, நஷ்டம் வராது அல்லவா?

பதில்: சித்தூர் என்று பார்த்ததும் ஆந்திரச் சித்தூர் என்று நினைத்து, பாதிப் பதிலை மனதுக்குள் எழுதியே விட்டேன். கொழிஞ்சாம்பாறைதான் காப்பாற்றியது. எல்லைக்கு எந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்பது உங்கள் கணக்கையே மாற்றும். அதற்குப் பிறகு வருகிறேன்.

சங்கிலியை வைக்க வேண்டாம். 48,000-க்கு ஒன்றரை வட்டி என்றால் மாதம் 720 ரூபாய், வருடத்துக்கு 8,640. அசல் அப்படியே நிற்கும். நீங்கள் விற்ற 14 பையின் மொத்தப் பணமே 700 ரூபாய்தான். ஒரு மாத உழைப்பு முழுவதும் வட்டிக்குப் போய், அதற்கும் 20 ரூபாய் துண்டு விழுகிறது.

அப்புறம் அந்த "சும்மா கிடைப்பதுதானே". போன ஞாயிற்றுக்கிழமை என் மனைவியிடம் ஒரு பழைய ஜீன்ஸைக் கொடுத்துவிட்டு, கடிகாரத்தோடு பக்கத்தில் உட்கார்ந்தேன். (அப்போது எனக்குக் கிடைத்த பார்வையைப் பற்றி எழுத வேண்டாம்.) காலின் உள்பக்கத் தையலைப் பிரிக்கவே 20 நிமிடம். பிரித்து விரித்ததும்தான் முட்டிப் பக்கம் தேய்ந்து நூலாகியிருப்பது தெரிந்தது. அதை ஒதுக்கி வெட்டியதில் துணி குறைந்து, அடிப்பக்கத்துக்கு ஒட்டுப் போட வேண்டியதாயிற்று. கைப்பிடி வைக்கும் இடத்தில் நாலைந்து மடிப்பு ஒன்றாகச் சேர்ந்தது. 14-ஆம் நம்பர் ஊசி பட்டென்று ஒடிந்தது. 16-ஆம் நம்பர் போட்டு, மிதிக்காமல் கையாலேயே சக்கரத்தை மெல்லச் சுற்றித்தான் அந்த இடத்தைத் தாண்டினார். பை முடிந்தபோது 1 மணி 35 நிமிடம் ஆகியிருந்தது. ஊசி, நூல், நாடாவுக்கு 10 ரூபாய் போட்டாலும் மிச்சம் 40. மணிக்கு 25 ரூபாய் கூலி.

பவர் மெஷின் வந்தால் தைக்கும் நேரம் குறையும், சரி. ஆனால் துவைப்பது, பிரிப்பது, தேய்ப்பது, பழுதான இடம் பார்த்து வெட்டுவது எல்லாம் அப்படியேதான் இருக்கும். நேரத்தைத் தின்பதும் அவைதான். உங்களோடு போட்டிக்கு நிற்பது யார் என்றும் பாருங்கள். 2019 ஜனவரியில் தமிழ்நாட்டிலும் 2020 ஜனவரியில் கேரளத்திலும் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்த பிறகு துணிப்பை ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது. 2021 டிசம்பரில் தமிழக அரசு மஞ்சப்பைத் திட்டத்தையும் தொடங்கியது. சுருளாக வாங்கிய புதுத் துணியை அடுக்கடுக்காக வெட்டித் தைப்பவரோடு, ஒவ்வொரு கால்சட்டையாகப் பிரித்துத் தைக்கும் நீங்கள் விலையில் மோத முடியாது. கால்மிதியும் அப்படித்தான். திருப்பூர் பனியன் கட்டிங் வேஸ்ட் கிலோக் கணக்கில் கிடைக்கும்போது, பழைய நைட்டியைக் கிழித்துப் பின்னுகிற வேலைக்குக் கூலி தேறாது.

சரி, பழைய துணியில் பணமே இல்லையா என்றால், இருக்கிறது. துணி உங்களுடையதாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். தன் அம்மா கட்டிய சுங்குடிச் சேலையைத் தூக்கிப் போடவும் மனமில்லாமல், பீரோவில் பூட்டி வைக்கவும் இடமில்லாமல் இருப்பவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். அவர்கள் துணியைக் கொண்டுவரட்டும், நீங்கள் தைத்துக் கொடுங்கள். 2 பருத்திச் சேலையை மடித்து ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, ஓட்டுத்தையல் போட்டால் ஓர் ஆள் போர்த்தும் நாலடுக்குப் போர்வை. கசவு முண்டின் கரையை மட்டும் வெட்டியெடுத்துத் தலையணை உறையில் வைத்துத் தைக்கலாம். தாத்தாவின் சட்டைகளில் பேரனுக்கு ஒட்டுத்துணிப் போர்வை தைக்கலாம். இதற்கு யாரும் சந்தை விலை பார்த்துப் பேரம் பேச மாட்டார்கள். போர்வைக்கு 8 மணி நேரம் ஆனால் மணிக்கு 70 என்று வைத்து 560 சொல்லுங்கள். முன்பணமாகப் பாதியை வாங்கிவிட்டே கத்திரிக்கோலைத் தொடுங்கள். விற்காமல் தேங்குகிற சரக்கு என்ற பேச்சே இதில் கிடையாது.

எல்லை விஷயம் இங்கேதான் வருகிறது. கேரளத்தில் பொருள் விற்பவருக்கு வருடம் 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அது மாநிலத்துக்குள் விற்றால் மட்டும். கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டிப் பொள்ளாச்சிக் கடைக்கு அனுப்பினால் அது மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்கு. வரி உள்ள பொருளுக்கு முதல் ரூபாயிலிருந்தே பதிவு கேட்கும். சில கைவினைப் பொருட்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் உங்கள் பை அதில் சேருமா என்று பார்க்க ஆடிட்டருக்குக் கொடுக்கும் பணத்துக்கு இன்னும் நாலு பை தைக்க வேண்டும். அதே அண்ணி தன் கடைக்கு வருகிறவர்களிடம் பழைய சேலையை வாங்கி உங்களிடம் கொடுத்துவிட்டு, தைத்ததை வாங்கிப் போகட்டும். அடுத்தவர் துணியில் கூலிக்குத் தைப்பது சேவைக் கணக்கில் வரும். சேவையானால் எல்லை தாண்டினாலும் வருடம் 20 லட்சம் வரை பதிவு வேண்டியதில்லை.

மெஷினுக்கு இப்போதைக்கு ஒன்றே ஒன்று செய்யுங்கள். அம்மாவின் கால் மெஷினுக்கு ஒரு மோட்டார் மாட்டுங்கள்; 2,000 ரூபாய் சுற்றுவட்டத்தில் முடிந்துவிடும். 6 மாதம் நோட்டில் எழுதுங்கள்: யார் ஆர்டர், எத்தனை மணி நேரம், எவ்வளவு வந்தது. மாதம் 4,000 நிலையாக வந்தால் மட்டும் பெரிய மெஷினை யோசிக்கலாம். அப்போதும் வரிசை முக்கியம். மத்திய அரசின் பி.எம். விஸ்வகர்மா திட்டத்தில் தையல்காரர்கள் உண்டு: பயிற்சி, கருவிகளுக்கு 15,000 ரூபாய், பிறகு முதல் தவணையாக 1 லட்சம் வரை 5 சதவீத வட்டியில் கடன். இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று அக்ஷயா இ-சேவை மையத்தில் கேளுங்கள். அதற்கு முன்னால் அவசரப்பட்டு முத்ரா கடனாக 50,000 வாங்கிவிட்டால், அதை அடைத்து முடிக்கும்வரை விஸ்வகர்மா கதவு திறக்காது. அண்ணி "எங்கள் ஊரில் அந்தத் திட்டமே இல்லை" என்று சொன்னால் குழம்ப வேண்டாம். தமிழ்நாடு அதை இப்போதைய வடிவில் ஏற்க மாட்டோம் என்று 2024 நவம்பரில் சொல்லிவிட்டது. குடும்பஸ்ரீயின் அயல்கூட்டத்தில் (பெண்கள் சுயஉதவிக் குழு) இருந்தால் அதன் வழியாக வங்கிக் கடனையும் விசாரியுங்கள். சிறு தொழில் செய்பவருக்கான உத்யம் பதிவுக்கு அரசுக் கட்டணம் ஏதும் கிடையாது.

உங்கள் பீரோவில் இருக்கும் துணியை விற்பனைக்கு எடுக்காமல் வீட்டுக்கே பயன்படுத்துங்கள். ஐந்தரை மீட்டர் சேலையில் 2 கதவுத் திரை வரும், மிச்சத்தில் 2 தலையணை உறை. வெளுத்துப்போன பருத்தி வேட்டி வடாம் காயப்போட, இட்லித் தட்டில் விரிக்க, பிறகு கரித்துணி. பாலியஸ்டரை அடுப்படிக்குக் கொண்டுபோகாதீர்கள். ஈரத்தை உறிஞ்சாது, சூடு பட்டால் உருகிக் கையில் ஒட்டும். அதைச் செடித்தொட்டிக்கும் ஷூ பைக்கும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் திரை தைத்து 900 ரூபாய் மிச்சம் என்று வாயால் சொன்னால் அது மிச்சம் ஆகாது. அன்றைக்கே அந்தப் பணத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். மாதம் 100 ரூபாயிலேயே தபால் நிலையத்தில் ஆர்.டி. தொடங்கலாம்.

பழைய துணிக்குப் பாத்திரம் கொடுப்பவர் வந்தால் நைட்டி, சட்டைகளைத் தாராளமாகப் போடுங்கள். பட்டுச்சேலையை மட்டும் உள்ளே வைத்துவிட்டு வாருங்கள். சரிகையில் ஓர் இழையைப் பிரித்து மேல் பூச்சைச் சுரண்டினால், அசல் வெள்ளிச் சரிகையாக இருந்தால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரியும். வெள்ளை நூல் தெரிந்தால் பெரும்பாலும் போலி, வாளிக்கே கொடுக்கலாம். சிவப்பு தெரிந்தால் வீட்டுத் தராசில் எடை பார்த்துக் குறித்துக்கொண்டு, பழைய சரிகை வாங்கும் கடைகளில் குறைந்தது இரண்டு இடத்தில் விலை கேளுங்கள். மோட்டார் வாங்கும் பணம் அங்கேயே கிடைத்தாலும் கிடைக்கும்.