நாற்பது வயதைக் கடந்த பிறகும் இளம் பருவக் காதல் நாவல்களை ரசித்துப் படிப்பது முதிர்ச்சியின்மையா?

இக்கேள்வியைக் கேட்டவரிடம் வீட்டிலோ அலுவலகத்திலோ யாரோ ஒருவர் முகம் சுளித்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். போன கோடை விடுமுறையில் ரஷ்ய எழுத்தாளர் துர்கேனெவின் ‘முதல் காதல்’ என் கையில் இருந்ததைப் பார்த்த என் நாத்தனார், “பையன் காலேஜ் போகப் போறான், இப்போ போய் இதையா படிக்கிறீங்க அண்ணி?” என்று பலர் முன்னிலையில் கேட்டார். அன்று சொல்லாத பதிலை இங்கே எழுதுகிறேன்.

1860இல் அந்தக் குறுநாவல் வெளிவந்தபோது துர்கேனெவுக்கே நாற்பது வயது கடந்திருந்தது. கதையைச் சொல்லும் விளதீமிரும் நாற்பதை ஒட்டிய வயதினர். நள்ளிரவு விருந்து ஒன்றில் முதல் காதலைப் பற்றிக் கேட்கப்பட்டபோது, வாயால் சொல்ல வராது என்று கூறி, எழுதிக் கொண்டுவந்து படித்துக் காட்டுகிறார். எழுதியவரும் சொல்பவரும் நடுவயதினராக இருக்கும்போது, படிப்பவர் மட்டும் ஏன் பதினாறு வயதில் இருக்க வேண்டும்?

கதை 1833ஆம் ஆண்டுக் கோடையில் மாஸ்கோவின் ஓரத்தில், வாடகைக்கு எடுத்த ஒரு கோடை இல்லத்தில் நடக்கிறது. பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்குப் படிக்க வேண்டிய பதினாறு வயதுப் பையனான விளதீமிர், பக்கத்து வீட்டுக்கு வந்த இருபத்தொரு வயது ஸினயீதாவை வேலிக்கு அப்பால் பார்த்துவிடுகிறான். அதன் பின் வரலாற்றுப் பாடநூலைத் திறந்தால், ஜூலியஸ் சீசரின் போர்த் துணிவைப் பற்றிய ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்து, ஒன்றும் மனத்தில் பதியாமல் நூலை மூடிவைக்கிறான். கல்லூரி நாட்களில், சோவியத் புத்தகக் கண்காட்சியில் வாங்கிய பிரதியில் இந்த இடத்தை நான் சிரித்துக்கொண்டே படித்தேன். சென்ற மே மாதம், நுழைவுத் தேர்வு வழிகாட்டிகளுக்கு நடுவே ஜன்னலைப் பார்த்தபடி அமர்ந்திருந்த என் மகனை வைத்துக்கொண்டு படித்தபோது, அந்தப் பையன் மீது எனக்குப் பெரும் பரிவு உண்டாயிற்று.

அவன் பாழடைந்த கண்ணாடிச் செடிவீட்டின் உயர்ந்த சுவரில் அமர்ந்திருக்கும்போது, உண்மையாகவே காதலிப்பதானால் கீழே குதி என்கிறாள் ஸினயீதா. அவள் சொல்லி முடிப்பதற்குள் அவன் குதித்துவிடுகிறான். இதை அசட்டுத்தனம் என்று ஒதுக்குபவர்கள் இருப்பார்கள். அவர்களுடன் வாதிட எனக்கு விருப்பமில்லை. ஆனால் விழுந்தவன் நினைவிழந்துவிட்டான் என்று பயந்து அவள் குனிந்து பதறும் அந்தச் சில வரிகளை, காதலைப் பற்றி எழுதப்பட்ட மிகச் சிறந்த வரிகளுள் வைப்பேன்.

இளமையில் நான் நிற்காமல் கடந்துபோன ஓர் இடமும் உண்டு. விளதீமிரின் தாய், தன்னைவிடப் பத்து வயது இளையவரான கணவரால் பணத்துக்காக மணக்கப்பட்டவர். எந்நேரமும் கவலையும் பொறாமையும் கோபமுமாக வாழ்ந்தவர். அதையும் கணவர் எதிரில் காட்டத் துணியாதவர். இவ்வளவையும் துர்கேனெவ் தொடக்கத்திலேயே ஓரிரு வரிகளில் சொல்லிவிடுகிறார். பத்தொன்பது வயதில் எனக்கு அவள் கதாநாயகனை அதட்டும் அம்மா மட்டுமே. இப்போதோ, தோட்டத்தில் சிரிப்பொலி கேட்கும்போதெல்லாம், வீட்டுக்குள் இருக்கும் அந்தப் பெண்மணி என்ன நினைத்துக்கொண்டிருப்பாள் என்றே மனம் போகிறது. வயது என் ரசனையைக் குறைத்துவிடவில்லை. ஒரே நாவலில் படிப்பதற்கு இன்னொரு கதையையும் தந்திருக்கிறது.

காதல் கதைகள் எல்லாமே உயர்ந்தவை என்று நான் சொல்ல வரவில்லை. ஆயினும் அரண்மனைச் சதிகளையும் போர்க்களங்களையும் ஆயிரம் பக்கம் படிப்பவரை யாரும் வயது கேட்பதில்லை என்பது எனக்கு வெகு நாளாக இருக்கும் மனத்தாங்கல்.

இன்னொரு மனத்தாங்கல், இந்நூலைப் பற்றி எழுதுபவர்களில் பலர் ஸினயீதா யாரைக் காதலிக்கிறாள் என்பதை முதல் பத்தியிலேயே போட்டு உடைத்துவிடுவது. அந்தப் பையனோடு சேர்ந்து நாமும் தாமதமாகக் கண்டறிய வேண்டிய செய்தி அது. ஆகவே நீங்கள் படிப்பதானால் முன்னுரையையும் பின்னட்டையையும் தவிர்த்துவிட்டு நேராகக் கதைக்குள் செல்லுங்கள். சிறிய நூல்தான், ஒரு விடுமுறைப் பிற்பகலும் அன்றைய மாலையும் போதும்.