பட்டாவில் பெட்டி சார்ஜ் ஏறுமா? வாசகர் கேள்வி பதில்

உகந்தை முருகன் கோயில் கொடியேற்றம் நெருங்கினால் இந்தப் பக்கத்துக்கு வரும் கடிதங்களில் பாதி வயரைப் பற்றித்தான் இருக்கும். இந்த முறை எல்லாரும் ஒரே சாமானைக் கேட்டிருக்கிறீர்கள்: உள்ளே லித்தியம் பெட்டரியும், பெட்டரிக் கரண்டை வீட்டுக் கரண்டாக்கும் இன்வேர்ட்டரும், முகப்பில் வீட்டு பிளக்கும் யூ.எஸ்.பி.யும், தூக்க ஒரு கைப்பிடியும் உள்ள பவர் ஸ்டேஷன். 2022 இல் நாளுக்குப் பத்து, பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் நின்றபோது ஆசைப்பட்டவர்கள் இப்போதுதான் வாங்கியிருக்கிறார்கள் போல. கீழே 'பெட்டி' என்று நான் சொல்வது அதைத்தான்.

கேள்வி: அண்ணன், குடும்பமாகப் பட்டா என்கிற எங்கள் சின்ன லொறியில் உகந்தைக்குப் போய் மூன்று இரவு தங்கப் போகிறோம். அதற்காக 1000 வொட் அவர் பெட்டி ஒன்று வாங்கினேன். போன கிழமை பொத்துவிலுக்கு ஒரு வேலையாகப் போனபோது சிகரெட் லைட்டர் சொக்கெட்டில் சொருகிப் பார்த்தேன். வெளிக்கிடும்போது 20 வீதம், மூன்று மணித்தியாலம் ஓடிப் போய்ச் சேரும்போது 46 வீதம். இவ்வளவுதானா? பெட்டி பழுதா, வாகனம் பழுதா? (ஆரையம்பதி)

பதில்: இரண்டும் பழுதில்லை தம்பி, கணக்குத்தான் அப்படி. லைட்டர் சொக்கெட்டுக்கு வாகனத்தில் 10 அல்லது 15 அம்பியர் பியூஸ்தான் இருக்கும், அதை எரிக்காமல் இருக்கப் பெட்டியே அடக்கமாக 8 அம்பியர் அளவில்தான் இழுக்கும். எஞ்சின் ஓடும்போது வோல்ட் 13.5 என்று வைத்தால் 8 ஆல் பெருக்கிப் பாருங்கள், நூற்றுச் சொச்சம் வொட். மூன்று மணித்தியாலத்துக்கு முந்நூறு வொட் அவர் (வொட்டை மணித்தியாலத்தால் பெருக்கினால் வருவது), வழியில் சூடாகிப் போனது கழித்தால் 260, 270. உங்கள் 26 வீதம் அச்சொட்டாக அங்கேதான் நிற்கிறது. வெறும் பெட்டியை இந்த வழியில் நிரப்ப பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் ஓட வேண்டும், உன்னிச்சைக் குளத்தை வாளியால் நிரப்பின மாதிரி. பெரிய பியூஸ் போட்டால் கூட வருமா என்று கேட்டுவிடாதீர்கள், வராது. பியூஸ் இருப்பது வயரைக் காப்பாற்ற, பெரியதைப் போட்டால் பியூஸுக்குப் பதிலாக வயர் எரியும்.

அதனால் வீட்டுச் சுவரில் சொருகி நூறு வீதம் நிரப்பிக்கொண்டு வெளிக்கிடுங்கள், வழியில் லைட்டர் சொக்கெட் அதைக் குறையாமல் பார்த்துக்கொள்ளட்டும். அந்தச் சொக்கெட்டால் ஆகக்கூடியது அவ்வளவுதான்.

இனி செலவைப் பார்ப்போம், இதைத்தான் ஒருவரும் பார்ப்பதில்லை. 9 வொட் எல்.ஈ.டி. பல்ப் இரண்டு, ஐந்து மணித்தியாலம் எரிந்தால் 90 வொட் அவர். வீட்டு மேசை ஃபேன் 45 வொட், எட்டு மணித்தியாலத்துக்கு 360. ஆறு போன், ஒன்றுக்கு 20 படி 120. ஓர் இரவுக்கு 570. பெட்டியில் 1000 என்று எழுதியிருந்தாலும் இன்வேர்ட்டர் தன் பங்கை எடுத்துக்கொண்டு உங்கள் கைக்கு 850 அளவில்தான் தரும். ஆக இரண்டாம் இரவு பாதியில் ஃபேன் நின்றுவிடும். அதையே 15 வொட் யூ.எஸ்.பி. ஃபேனாக மாற்றினால் இரவுச் செலவு 330 ஆக இறங்கும், அதோடு பல்பை அணைத்ததும் இன்வேர்ட்டரையும் நிறுத்தி வைக்கலாம், சும்மா கிடந்தாலே கரண்ட் தின்னும் சாமான் அது. 200 வொட் சோலார் தகடு ஒன்றை ஆரிடமாவது இரவல் வாங்கிக்கொண்டு போனீர்கள் என்றால் கவலையே இல்லை, ஆடி வெயிலில் பகலுக்கு 600, 700 வொட் அவர் வரும். ஆனால் அங்கே ஆக்கள் மரநிழலைத் தேடித்தான் படங்கு கட்டுவார்கள், தகடும் அந்த நிழலில் கிடந்தால் ஒன்றும் வராது, நீளமான வயரோடு வெளியில் போட வேண்டும். கேத்தலும் சோறு ஆக்கும் குக்கரும் வீட்டிலேயே இருக்கட்டும். 1500 வொட் கேத்தலைப் பத்து நிமிடம் போட்டால் 250 போய்விடும், மூன்று கல்லும் நாலு விறகும் வைத்து ஊற்றும் தேத்தண்ணிக்கு அது கிட்டவும் வராது.

கேள்வி: கேம்ப் போட்ட இடத்தில் எஞ்சினை ஓட விட்டுச் சார்ஜ் ஏற்றலாமா? இல்லாவிட்டால் எஞ்சினை நிற்பாட்டிவிட்டு இரவு முழுக்கச் சொருகி வைக்கலாமா? (அக்கரைப்பற்று)

பதில்: இரண்டாவதை நான் செய்து பார்த்தவன். சில வருடத்துக்கு முன் உகந்தையில், சாவியைக் கழற்றினால் சொக்கெட்டும் செத்துவிடும் என்ற நம்பிக்கையில் பெட்டியைச் சொருகியபடி விட்டுவிட்டுப் படுத்தேன். எல்லா வாகனத்திலும் அப்படி இல்லை, சிலதில் சொக்கெட்டுக்கு எந்நேரமும் கரண்ட் இருக்கும், என்னுடையது அந்தச் சாதி. 8 அம்பியர் படி ஆறு மணித்தியாலம் என்றால் 48 அம்பியர் அவர், வாகன பெட்டரியோ 60 தான். விடியச் சாவியைத் திருப்பினால் 'டிக், டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பெட்டி மட்டும் நிறைந்து சிரித்துக்கொண்டு இருந்தது. யாத்திரை வந்த ஆக்கள் பத்துப் பேர் அரோகரா சொல்லித் தள்ளினார்கள், மணலில் வண்டி அசையவில்லை, கடைசியில் பாணமைப் பக்கம் இருந்து வந்த ட்ரக்டர்காரர் ஒருவர் வயர் போட்டு ஸ்டார்ட் பண்ணித் தந்தார். ஸ்டார்ட் பெட்டரி என்பது சில செக்கன் முழு வேகத்தில் அடித்துவிட்டு ஓய்வதற்குச் செய்தது, ஈயப் பெட்டரியை அடி வரைக்கும் உறிஞ்சினால் நாலைந்து தடவையில் ஆயுளே போய்விடும். போகும் முன் சாவியைக் கழற்றிவிட்டு சொக்கெட்டில் போனைச் சொருகிப் பாருங்கள், சார்ஜ் காட்டினால் உங்களுடையதும் என் சாதிதான், நிற்பாட்டியதும் வயரைக் கழற்றுங்கள்.

எஞ்சினை ஓட விடுவது வீண் செலவு. ஒரு லீற்றர் டீசலுக்குள் 10 யூனிட் அளவு சக்தி இருக்கிறது. ஒரு மணித்தியாலம் நின்ற இடத்தில் அரை லீற்றரை எரித்து, அதில் பெட்டிக்குள் ஏறுவது யூனிட்டில் பத்தில் ஒன்று. காசை விடுங்கள், புகைக்குள் காபன் மொனொக்சைட் இருக்கிறது, மணமும் இல்லை, நிறமும் இல்லை. பட்டா பின்தட்டில் படங்கை இறுக்கிக் கட்டிவிட்டுப் பிள்ளைகளைப் படுக்க வைத்து, முன்னால் எஞ்சினை ஓட விடுகிற வேலையைச் செய்யவே வேண்டாம்.

கேள்வி: எங்களுடையது மீன் ஏற்றும் கன்டர் லொறி. லொறியில் 24 வோல்ட், பெட்டியின் கார் வயரில் 12 வோல்ட் என்று இருக்கிறது. இரண்டு பெட்டரியில் ஒன்றில் இருந்து வயர் எடுத்தால் 12 கிடைக்கும்தானே என்கிறார் டிரைவர். (கல்முனை)

பதில்: கிடைக்கும், அதுதான் வினை. இரண்டு 12 வோல்ட் பெட்டரியைத் தொடராகக் கட்டித்தான் 24 ஆக்கியிருக்கிறார்கள். ஒன்றில் மட்டும் கறந்தால் அது மெலியும், மற்றது நிறைந்தே இருக்கும், எஞ்சினோடு சுற்றிக் கரண்ட் தரும் ஓல்டனேட்டருக்கோ இந்த வித்தியாசம் தெரியாது, இரண்டையும் சேர்த்து 28 வோல்டுக்குக் கொண்டுவரத்தான் பார்க்கும். அதனால் நிறைந்தது அளவுக்கு மேல் ஏறித் தண்ணீர் வற்றும், மெலிந்தது ஒரு நாளும் நிறையாது. சில மாதத்தில் இரண்டும் போய்விடும், கராஜில் கேட்டால் பெட்டரி தரமில்லை என்பார்கள்.

முதலில் பெட்டியின் பின்பக்கத்திலோ அடியிலோ உள்ள லேபலைப் பாருங்கள், டி.சி. (பெட்டரிக் கரண்ட்) இன்புட் எத்தனை வோல்ட் வரை என்று இருக்கும். 11 முதல் 30, 50, 60 வரை என்று இருந்தால் உங்களுக்கு யோகம், அதே 8 அம்பியர் 24 வோல்டில் வந்தால் 200 வொட்டுக்கு மேல் ஏறும், பட்டாக்காரருக்குக் கிடைப்பதைப் போல இரண்டு மடங்கு. 28 வரை மட்டும் என்றால் யோசிக்க வேண்டும். ஓடும் லொறியில் 28.4, 28.8 வரும், நல்ல பெட்டி என்றால் எடுக்க மாட்டேன் என்று நிற்கும், மலிவான பெட்டி என்ன செய்யும் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன். அப்படியானால் 24 ஐ 12 ஆக்கும் கன்வேர்ட்டர் ஒன்று, 15 அம்பியருக்குக் குறையாததாக வாங்கிப் போடுங்கள், லொறி செட் வைக்கிற கடைகளில் இருக்கும். ஒரு பெட்டரியில் கடிக்கிற வேலை மட்டும் வேண்டாம் என்று டிரைவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: வாப்பாவின் டபுள் கேப்பில் நண்பர்கள் அறுகம்பைக்குப் போகிறோம். இரண்டு மூன்று மணித்தியால ஓட்டத்திலேயே பெட்டி நிறைய வேண்டும். இன்வேர்ட்டர் போடுவதா, வேறு வழி உண்டா? (காத்தான்குடி)

பதில்: இரண்டு வழி உண்டு தம்பி. இன்வேர்ட்டர் என்றால் 12 ஐ 230 ஆக்கி, பெட்டிக்குள் அதைத் திரும்ப டி.சி. ஆக்குகிறீர்கள், இரண்டு இடத்திலும் பத்துப் பத்து வீதம் போகும். அதோடு வீட்டு வயரால் ஏறும்போது பல பெட்டிகள் 500, 1000 வொட் என்று இழுக்கும், 300 வொட் இன்வேர்ட்டர் உடனே 'பீப்' என்று கத்திப் படுத்துவிடும். ஆகவே பெட்டியில் ஏற்றும் வேகத்தைக் குறைக்கும் வசதி இருந்தால் மட்டும், வீட்டுக் கரண்ட் மாதிரியே சீரான அலையைத் தரும் பியூர் சைன் இன்வேர்ட்டராகப் பார்த்து யோசியுங்கள்.

என் வாக்கு மற்றதற்குத்தான்: ஓல்டனேட்டர் சார்ஜர் என்று விற்கும் டி.சி. டூ டி.சி. சாமான். இது வாகன பெட்டரியில் இருந்து நேரே எடுத்து, வோல்டைக் கூட்டி, சோலார் சொருகும் வாசலால் பெட்டிக்குள் தள்ளும். 500 வொட் சார்ஜர் என்றால் 1000 வொட் அவர் பெட்டி இரண்டு, இரண்டரை மணித்தியாலத்தில் நிறையும். ஆனால் 500 வொட்டுக்கு வாகனம் 40 அம்பியர் கொடுக்க வேண்டும். ஓல்டனேட்டரில் எழுதியிருக்கும் அம்பியரில் பாதிக்கு மேல் கேட்க வேண்டாம் என்பது என் கணக்கு, ஏனென்றால் ஏ.சி.யும் லைட்டும் அதிலிருந்துதான் தின்கின்றன, மெதுவாக ஓடும்போது அது எழுதின அளவைக் கொடுக்கவும் மாட்டாது. பட்டாவின் சின்ன எஞ்சினுக்கு இந்த யோசனையே வேண்டாம்.

வயரில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். பொனட்டுக்குள் இருந்து பின்தட்டு வரை நாலு மீற்றர் என்றால் போக வர எட்டு. வீட்டு பிளக்குக்கு இழுக்கும் 2.5 சதுர மில்லிமீற்றர் வயரில் 40 அம்பியர் ஓடினால் இரண்டு வோல்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும், அதாவது 90 வொட் அளவு வயரைச் சுடவைக்கும், அதுவும் சீட்டுக்கு அடியில். 10 சதுர மில்லிமீற்றர் போட்டால் அரை வோல்டுக்குச் சற்றுக் கூடத்தான். பியூஸ் பெட்டரிக்குப் பக்கத்தில், ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும், பெட்டியின் பக்கம் போடுவதில் அர்த்தமில்லை, நடுவழியில் வயர் உரசினால் அந்தப் பியூஸுக்கு ஒன்றும் தெரியாது. அப்புறம், வேலையைத் தொடங்கும் முன் வாப்பாவிடம் ஒரு சொல் கேளுங்கள்.

கேள்வி: கனடாவில் இருந்து மாமா கப்பல் பார்சலில் ஒரு பெட்டி அனுப்பினார். இங்கே பாவிக்கலாமா? (வாழைச்சேனை)

பதில்: கப்பலில்தான் வந்திருக்க வேண்டும், 160 வொட் அவருக்கு மேற்பட்ட லித்தியம் பெட்டரியைப் பயணி விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். கனடாச் சாமான் 120 வோல்ட் வெளியில் விடும், நமது ஃபேன் 230 கேட்கும், சொருகினால் முனகிக்கொண்டு சுற்றும். போன், லப்டொப் சார்ஜரில் 100-240 என்று எழுதியிருந்தால் பிரச்சினை இல்லை. வீட்டுச் சுவரில் சொருகி ஏற்றுவதற்கு முன் லேபலில் ஏ.சி. இன்புட்டைக் கட்டாயம் பாருங்கள், 120 மட்டும் என்றால் சொருகவே வேண்டாம். லைட்டர் சொக்கெட்டாலும் சோலாராலும் ஏற்றுவதற்கு நாடு பார்ப்பதில்லை, யூ.எஸ்.பி. வாசலும் உலகம் முழுக்க ஒன்றுதான். மாமாவிடம் குறை சொல்ல வேண்டாம்.

கேள்வி: பாசிக்குடாவில் மத்தியானம் வாகனத்துக்குள் பெட்டி சார்ஜ் ஏறாமல் நின்றுவிட்டது. பின்னேரம் தானாகச் சரியாகிவிட்டது. ஏன்? (ஏறாவூர்)

பதில்: சூடு. கண்ணாடி பூட்டிய வாகனத்துக்குள் மத்தியானம் 50 பாகைக்கு மேல் போகும், லித்தியம் பெட்டரி 45 ஐத் தொடும்போதே உள்ளிருக்கும் காவல்காரன் கதவைச் சாத்திவிடுவான். நிழலில், காற்றுப் படுகிற இடத்தில், ஃபேன் துவாரத்தை மூடாமல் வையுங்கள்.

கேள்வி: படுவான்கரையில் எங்களுக்கு வயல். வெட்டு முடியும் மட்டும் யானைக் காவலுக்கு வாடியில் கிடக்கிறோம், டோர்ச்சும் போனும் செத்துச் செத்துப் போகிறது. பெரிய பெட்டி வாங்கி ட்ரக்டரில் சார்ஜ் ஏற்றலாமா? (வெல்லாவெளி)

பதில்: ஐயா, உங்களுக்குப் பெரியது தேவையில்லை. டோர்ச், இரண்டு போன், ஒரு பல்ப் என்றால் இரவுக்கு 100, 150 வொட் அவர். 300 பெட்டியும் 100 வொட் தகடும் போதும், மாரி மூட்டத்தில் தகடு பாதிகூடத் தராது என்பதால்தான் 100 என்கிறேன். ட்ரக்டர் வீட்டுக்கும் வயலுக்கும் ஓடும்போது ஏறுவது ஏறட்டும், ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள், யானை வரும் இரவில் ட்ரக்டர் ஸ்டார்ட் ஆகாவிட்டால் போன் சார்ஜ் இருந்து என்ன பயன்? பெட்டியின் 230 வோல்டை வேலிக் கம்பியில் கொடுக்கும் யோசனை ஆருக்காவது வந்தால் உடனே தடுத்துவிடுங்கள். யானை வேலிக்கு விட்டுவிட்டு அடிக்கும் கருவி வேறு, இது ஆளையும் மாட்டையும் கொல்லும்.

கேள்வி: பாணமைக்கு அங்கால் கிரவல் ரோட்டில் பெட்டி குலுங்கினால் உடையுமா? (திருக்கோவில்)

பதில்: சின்னக் குலுக்கலுக்கு ஒன்றும் ஆகாது. நெல்லுச் சாக்கு இரண்டை மடித்து அடியில் போட்டு, கைப்பிடியில் கயிறு கொடுத்துப் பட்டாவின் பக்கச் சட்டத்தோடு கட்டுங்கள், தூசி போகாமல் மேலே ஒரு துணி, சார்ஜ் ஏறும்போது துணியை எடுத்துவிடுங்கள். உயரம் வசதியாக இருக்கிறது என்று பெரியம்மாவை அதில் இருத்திக்கொண்டு போக வேண்டாம்.