எரிக் டால்ஃபியை எங்கேர்ந்து கேக்க ஆரம்பிக்கிறது?

வணக்கம் சார்,

ஜாஸ் சாக்ஸஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் பத்தி நீங்க எழுதினதுல எரிக் டால்ஃபிங்கிற இன்னொரு ஜாஸ் கலைஞர் பேர் ரெண்டு மூணு எடத்துல வந்துச்சு. சரி, கேட்டுப் பாப்போம்னு எல்லாரும் சொல்ற 'அவுட் டு லஞ்ச்' ஆல்பத்தைப் போட்டேன். உண்மையைச் சொல்லணும்னா எனக்குப் பிடிபடவே இல்ல சார். ஆளாளுக்கு ஒரு பக்கம் போற மாதிரி இருக்கு, இவர் சாக்ஸஃபோன் திடீர்னு உச்சிக்குப் போகுது, அடுத்த நொடியே பாதாளத்துல இருக்கு. இவருக்கு முறையா வாசிக்கத் தெரியுமா, இல்ல தெரியாததாலதான் இப்படியா? டிரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸே இவரை ரொம்ப மோசமா பேசியிருக்கார்னு படிச்சேன். என் ஃப்ரெண்டு ஒருத்தன் இவரும் போதையில போன கேஸ்தான்டாங்கிறான். எங்கேர்ந்து ஆரம்பிச்சா இவர் பிடிபடுவார்னு சொல்லுங்க.

(பேர் போட வேணாம்னு கேட்டிருந்தார்.)

தம்பி,

உங்க ஃப்ரெண்டு சொன்னதுலேர்ந்தே ஆரம்பிக்கிறேன், அதை அப்படியே விட்டுட்டு மத்ததைப் பேச எனக்கு மனசு வரல. டால்ஃபி போதை மருந்துப் பக்கமே போகாத ஆள், குடிப்பழக்கமும் கிடையாது. அவரைக் கொண்டுபோனது சர்க்கரை வியாதி. கண்டுபிடிக்காமலே இருந்த சர்க்கரை. 1964 ஜூன் 27, பெர்லின்ல டாங்கென்டேன்னு ஒரு கிளப் திறக்குறாங்க, அங்க வாசிக்கப் போறார், உடம்பு ரொம்ப முடியாமப் போய் தொடர்ந்து வாசிக்க முடியல, ஜூன் 29 கோமாவுலயே போயிட்டார். 36 வயசு முடிஞ்சு ஒம்பது நாள்தான் ஆகியிருந்துச்சு. ஆஸ்பத்திரியில என்ன நடந்துச்சுங்கிறதை ஆளுக்கொரு விதமா சொல்றாங்க. அதுல அதிகமா சொல்லப்படுறது, ஜாஸ்காரர்தானே, போதை ஏத்திட்டு வந்திருப்பார், தானா தெளியட்டும்னு விட்டுட்டாங்கங்கிறது. அது அப்படியே நடந்துச்சோ இல்லையோ, ஒரு கறுப்பு ஜாஸ் கலைஞர் சின்ன வயசுல செத்தா அது போதையாத்தான் இருக்கும்னு இன்னிக்கும் எடுத்த எடுப்புல வாயில வருது பாருங்க, அதை நாம விட்டே ஆகணும். தயவுசெஞ்சு உங்க ஃப்ரெண்டுகிட்ட இதைச் சொல்லுங்க.

இப்ப வாசிக்கத் தெரியுமாங்கிற கேள்வி. 1928ல லாஸ் ஏஞ்சல்ஸ்ல பொறந்தவர், பூர்வீகம் பனாமா பக்கம். சின்னப் பையனாவே கிளாரினெட், அப்புறம் ஓபோ, சாக்ஸ், ஃப்ளூட்னு ஒவ்வொண்ணா பிடிச்சார். இவன் இதைத்தான் செய்யப்போறான்னு தெரிஞ்சு அப்பா அம்மா வீட்டுக்குப் பின்னாடியே ஒரு சின்ன ஸ்டுடியோ கட்டிக் கொடுத்தாங்க, ஊருக்கு வர்ற பெரிய பெரிய ஜாஸ்காரங்க எல்லாம் அங்க வந்து சேர்ந்து வாசிச்சுட்டுப் போவாங்க. நடுவுல ராணுவத்துல கொஞ்ச காலம். 1958ல சிகோ ஹாமில்டன்ங்கிற டிரம்மரோட குழுவுல சேர்றவரைக்கும், அதாவது முப்பது வயசு வரைக்கும், வெளியூர்ல இவர் யாருன்னே தெரியாது. அவ்வளவு வருஷமும் சாதகம்தான் தம்பி. அந்த 1958 நியூபோர்ட் ஜாஸ் விழாவைப் படமா எடுத்தாங்க, அதுல டால்ஃபி ஃப்ளூட் வாசிக்கிற காட்சி இருக்கு, தேடிப் பாருங்க, எவ்வளவு சுத்தமான நாதம்! எட்கார் வாரேஸ்னு ஒரு பெரிய இசையமைப்பாளர், தனி ஃப்ளூட்டுக்குன்னே எழுதின 'டென்சிட்டி 21.5'னு ஒரு உருப்படி, மேற்கத்திய சாஸ்திரிய இசைக்காரங்களே பயந்து பயந்து தொடுறது, அதை 1962ல கலிஃபோர்னியாவுல ஓஹாய் இசை விழாவுல வாசிச்சவர் இவர்.

இதெல்லாத்தையும் விட எனக்குப் பெரிய சாட்சி ஒரே ஒரு நாள். 1960 டிசம்பர் 21. அன்னிக்கு ஆர்னெட் கோல்மன்ங்கிற சாக்ஸ் கலைஞர் 'ஃப்ரீ ஜாஸ்' ஆல்பத்தை ரெக்கார்ட் பண்றார். ரெண்டு நால்வர் குழு ஒரே நேரத்துல, முன்கூட்டி முடிவு பண்ணின ஸ்வர அடுக்கு எதுவும் இல்லாம, ஏறக்குறைய 37 நிமிஷம் ஒரே மூச்சா வாசிக்கிறாங்க, அதுல பேஸ் கிளாரினெட் (அடிக்குரல்ல பேசுற பெரிய கிளாரினெட்) வாசிச்சது டால்ஃபி. அதே நாள் நியூஜெர்சியில ருடி வான் கெல்டர் ஸ்டுடியோவுக்குப் போய் தன்னோட 'ஃபார் க்ரை' ஆல்பத்தையும் முடிக்கிறார். அதுல முதல் ரெண்டு ட்ராக்கும் சாக்ஸ் மேதை சார்லி பார்க்கரை வணங்கி வாசிச்சது. கடைசிப் பக்கம் வந்தா 'டெண்டர்லி'ங்கிற பழைய காதல் பாட்டை டிரம்ஸ் இல்லாம, பியானோ இல்லாம, ஆல்டோ சாக்ஸ் மட்டும் வச்சு தனியா வாசிக்கிறார். எங்கெங்கயோ சுத்துவார், ஆனா அந்த மெட்டை ஒரு இடத்துலயும் கைவிட மாட்டார். இலக்கணம் தெரியாதவர் ஒரே நாள்ல இந்த ரெண்டையும் செய்ய முடியுமா? எனக்கு டால்ஃபின்னா அந்த நாள்தான். பழசை ஒடைச்சுட்டு வெளிய வந்தவர் இல்ல அவர், பழசுக்குள்ள நின்னுக்கிட்டே அதோட சுவரைத் தள்ளித் தள்ளி வச்சவர்.

அப்ப அந்தத் தாவல்? அதைப் பேச்சா கேட்டுப் பாருங்க. நாம கோவத்துலயோ சந்தோஷத்துலயோ பேசும்போது குரல் படிப்படியாவா ஏறுது? குதிக்கும், உடையும், திடீர்னு கீழ போகும். டபுள் பேஸ் (அடிக்குரல்ல பேசுற பெரிய தந்தி வாத்தியம்) வாசிக்கிற சார்லஸ் மிங்கஸ் கூட 1960ல வாசிச்ச 'வாட் லவ்'னு ஒரு ட்ராக் இருக்கு. டால்ஃபி அந்த மிங்கஸ் குழுவை விட்டுக் கிளம்பப் போற நேரம். நடுவுல மத்தவங்க எல்லாம் நின்னுடுவாங்க, மிங்கஸோட பேஸும் இவர் பேஸ் கிளாரினெட்டும் மட்டும் சண்டை போடும், கெஞ்சும், திட்டும், கடைசியில சமாதானம் ஆகும். வார்த்தை ஒண்ணு கூட இல்ல, ஆனா யார் என்ன சொல்றாங்கன்னு உங்களுக்கே தெரியும். அதைக் கேட்டப்புறம் டால்ஃபியோட தாவல் எதுவும் எனக்குத் தாவலாப் படல.

இன்னொண்ணும் இருக்கு. 1961 கடைசியில கோல்ட்ரேனும் டால்ஃபியும் சேர்ந்து வாசிச்சதை டவுன்பீட் பத்திரிகையில ஒரு விமர்சகர் ஜாஸுக்கே எதிரான சமாச்சாரம்னு எழுதிட்டார். அடுத்த வருஷம் அதே பத்திரிகை ரெண்டு பேர்கிட்டயும் பதில் வாங்கிப் போட்டுச்சு. அந்தப் பதில்ல டால்ஃபி கிட்ட கோவமே இல்ல. கலிஃபோர்னியா வீட்டுல சாதகம் பண்ணும்போது பறவைங்க கூடவே சீட்டி அடிக்கும், நான் என் வேலையை நிறுத்திட்டு அதுங்களோட வாசிப்பேங்கிறார். பறவைங்களுக்கு நம்ம ஸ்வரங்களுக்கு நடுவுலயும் ஸ்வரம் இருக்கு, இந்திய இசையிலயும் அது மாதிரி இருக்குங்கிறார். சும்மா வாய் வார்த்தைக்குச் சொன்னதும் இல்ல. 1960லயே தபலா, தம்பூரா வச்சுக்கிட்டு ஃப்ளூட் வாசிச்சுப் பதிவு பண்ணி வச்சிருந்தார், 'அதர் ஆஸ்பெக்ட்ஸ்'னு 1987ல வெளிவந்த ஆல்பத்துல அது கிடைக்கும். அதைப் பெரிய சாதனைன்னு சொல்ல மாட்டேன், ஆனா அந்த மனுஷனோட காது எந்தப் பக்கம் திறந்து இருந்துச்சுன்னு காட்டும்.

மைல்ஸ் சொன்னது உண்மைதான். 1964ல அதே டவுன்பீட்ல, யார் வாசிக்கிறாங்கன்னு சொல்லாம பாட்டைப் போட்டுக் கருத்து கேக்கிற பகுதியில, இவ்வளவு மோசமா வேற யாரால வாசிக்க முடியும், அடுத்த தடவை பாத்தா காலை மிதிக்கப் போறேன்னு சொன்னார். அது அச்சுல வந்தது ஜூன் மாசம், டால்ஃபி சாகுறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி. மைல்ஸ் எனக்கும் ரொம்பப் பிடிச்ச கலைஞர், ஆனா இந்த விஷயத்துல அவர் கேட்டது தப்பு. அதே மைல்ஸோட டிரம்மர் டோனி வில்லியம்ஸ், 18 வயசுப் பையன், அந்த பிப்ரவரியிலதான் 'அவுட் டு லஞ்ச்'ல உயிரைக் கொடுத்து வாசிச்சிருக்கார்.

நீங்க அந்த ஆல்பத்துலேர்ந்து ஆரம்பிச்சதுதான் சிக்கல். அது அவர் கடைசியில போய்ச் சேர்ந்த இடம், 1964 பிப்ரவரி 25ல பதிவாச்சு, அவர் செத்தப்புறம்தான் வெளிவந்துச்சு. கொஞ்ச நாள் ஒதுக்கி வைங்க. முதல்ல ஃப்ளூட். ஆலிவர் நெல்சனோட 'ஸ்டோலன் மொமெண்ட்ஸ்'ல (1961) வர்ற ஃப்ளூட் சோலோ. அப்புறம் 'லாஸ்ட் டேட்' ஆல்பத்துல 'யூ டோன்ட் நோ வாட் லவ் இஸ்', 1964 ஜூன் 2, ஹாலந்துல ஹில்வர்ஸம் ரேடியோ ஸ்டுடியோவுல வாசிச்சது. பதினோரு நிமிஷத்துக்கு மேல போகும், ஜாஸ்ல ஃப்ளூட் இதைத் தாண்டிப் போகலைன்னு நான் தயங்காம சொல்வேன். ஆல்பம் பேர் அப்படி இருந்தாலும் அது கடைசிப் பதிவு இல்ல, அதுக்கப்புறம் பாரிஸ்லயும் வாசிச்சார்.

அடுத்து பேஸ் கிளாரினெட். இவருக்கு முன்னாடி ஜாஸ்ல அதைத் தனியா முன்னாடி நிறுத்தி வாசிச்சவங்க ரொம்பக் கம்மி, இன்னிக்கு அதைக் கையில எடுக்கிற யாரும் இவரைத் தாண்டித்தான் வரணும். 'காட் ப்ளெஸ் தி சைல்ட்' பாட்டைத் தனி ஆளா வாசிச்சது, 1961 கோபன்ஹேகன் பதிவு, கேளுங்க. அடியிலேர்ந்து கிளம்பி ஓயாம சுத்தி சுத்தி வரும், நடு நடுவுல மெட்டு தலை காட்டும்.

அதுக்கப்புறம் ஃபைவ் ஸ்பாட் கிளப் பதிவுகள், 1961 ஜூலை 16. பியானோவே சுருதி விலகி இருக்கும், அதைப் பொருட்படுத்தாதீங்க. கூட டிரம்பெட் வாசிக்கிற புக்கர் லிட்டிலுக்கு அப்ப 23 வயசு, அந்த அக்டோபர்ல அவரும் சிறுநீரகக் கோளாறுல போயிட்டார். ரெண்டு பேரும் ஒருத்தர் விட்ட இடத்துல ஒருத்தர் எடுக்கிறதைக் கேட்டா, இவங்களுக்கு இன்னும் பத்து வருஷம் கிடைச்சிருந்தா ஜாஸ் எங்க போயிருக்கும்னு ஒரு ஏக்கம் வரும், எனக்கு ஒவ்வொரு தடவையும் வருது.

இதெல்லாம் முடிச்சுட்டு 'அவுட் டு லஞ்ச்' போடுங்க. பியானோ இல்ல, அந்த இடத்துல பாபி ஹட்சர்சனோட வைப்ரஃபோன் (உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கிறது), அதான் காத்து அவ்வளவு நடமாடுது. முதல் ட்ராக் 'ஹேட் அண்ட் பியர்ட்' பியானோ கலைஞர் தெலோனியஸ் மாங்குக்காகப் போட்டது, எல்லாரும் சேர்ந்தப்புறம் அடிப்படைத் தாளக் கணக்கு சுத்துக்கு 9. சாக்ஸைக் கவனிக்காதீங்க, ரிச்சர்ட் டேவிஸோட பேஸைப் பிடிச்சுக்கிட்டுக் கையில எண்ணிக்கிட்டே போங்க, ஆளாளுக்கு ஒரு பக்கம் போறதா உங்களுக்குத் தோணினது எப்படிக் கோர்த்து இருக்குன்னு பிடிபடும். நல்ல ஹெட்போன்ல கேளுங்க தம்பி, போன் ஸ்பீக்கர்ல பேஸோட பாதி சத்தம் வெளியவே வராது.