சுனில் சேத்ரி: கேட்டவர்களுக்குப் பதில்கள்

கேள்வி: நாட்டுக்காக அடித்த கோல்களின் கணக்கில் மெஸ்ஸி, ரொனால்டோவுக்கு அடுத்த வரிசையில் இந்தியக் கால்பந்து வீரர் சேத்ரியின் பெயரையும் எழுதுகிறார்கள். மாலத்தீவுக்கும் நேபாளத்துக்கும் எதிராக யார்தான் கோல் அடிக்க மாட்டார்கள்?

பாதி நியாயம். எதிரணிகளில் பல எளியவை, பெனால்டிகளும் கணிசம். ஆனால் அதே எதிரணிகளோடு ஆடிய வேறு எந்த இந்தியரும் அவருடைய கணக்கில் பாதியைக்கூட எட்டவில்லையே! ஆசியக் கோப்பையிலும் 2011-ல் பஹ்ரைன், தென்கொரியாவுக்கு எதிராகவும், 2019-ல் தாய்லாந்துக்கு எதிராக இரண்டும் அடித்திருக்கிறார். மெஸ்ஸியோடு ஒப்பிடுவது விளையாட்டுப் பக்கத் தலைப்புக்கு உதவும், அவ்வளவுதான். சேத்ரியே அதை ஏற்றுக்கொண்டதில்லை.

கேள்வி: ஐயா, முதல் ஆட்டம் எது?

2005 ஜூன் 12, குவெட்டா, பாகிஸ்தானுக்கு எதிராக. பயிற்சியாளர் சுக்விந்தர் சிங். நீ ஆடுகிறாய் என்று சொன்னதும், கையில் கிடைத்த ஜெர்சியில் வாசனைத் திரவியம் தெளித்துக்கொண்டாராம். ஏனென்று தனக்கே தெரியவில்லை என்று ஓய்வை அறிவித்தபோது சொன்னார். அன்றே கோல் அடித்தார், ஆட்டம் 1-1. தந்தை ராணுவத்தில் பணியாற்றியவர். பந்து அம்மா வழியில் வந்திருக்க வேண்டும். அவர் நேபாளப் பெண்கள் அணியில் ஆடியவர்.

கேள்வி: வெளிநாட்டில் ஏன் நிலைக்கவில்லை?

2009-ல் லண்டனின் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் எடுத்துக்கொள்ள முன்வந்தது. ஃபிஃபா தரவரிசையில் இந்தியா முதல் 70-க்குள் இல்லாததால் வேலை அனுமதி கிடைக்கவில்லை. நாட்டின் தரத்துக்கு ஆள் அபராதம் கட்டினார். பிறகு அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டி, லிஸ்பனில் ஸ்போர்ட்டிங்கின் ‘பி’ அணி என்று இரண்டு முறை போனார். பெரும்பாலும் பெஞ்சுதான். திரும்பி 2013-ல் பெங்களூரு அணிக்கு வந்ததே சரியான முடிவு என்பேன்.

கேள்வி: அந்த 2018 வீடியோ வெறும் விளம்பரமா?

மும்பையில் சீன தைபேவை (தைவான்) 5-0 என்று வென்ற ஆட்டம், சேத்ரி ஹாட்ரிக். மைதானத்தில் இருந்தவர்கள் 2,569 பேர்! அதற்குப் பிறகுதான், திட்டுவதாக இருந்தாலும் மைதானத்துக்கு வந்து திட்டுங்கள் என்று அந்த வீடியோவில் கேட்டார். ஒரு தேசிய அணியின் கேப்டன் ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. கென்யாவுடன் ஆடிய அடுத்த ஆட்டத்துக்கு டிக்கெட்டே இல்லை. கொட்டும் மழை, அவருக்கு 100-வது ஆட்டம். பெனால்டியில் ஒன்று; கடைசி நிமிடங்களில், முன்னேறி வந்த கோல்கீப்பரின் தலைக்கு மேல் மெல்லத் தூக்கிவிட்டு இன்னொன்று. இரண்டாவதை எத்தனை முறை பார்த்தேனோ, கணக்கில்லை.

கேள்வி: நான் கேரளா பிளாஸ்டர்ஸ் ரசிகன். 2023 ஃப்ரீ கிக் நேர்மையானதா?

கோபம் புரிகிறது. உங்கள் கோல்கீப்பர் தடுப்புச் சுவரை ஒழுங்குபடுத்திக்கொண்டிருக்கும்போதே பெங்களூருவின் சேத்ரி கோல் அடித்துவிட்டார். உங்கள் அணி வெளிநடப்புச் செய்தது. ஆனால் சுவர் அமையும்வரை காத்திருக்க வேண்டும் என்று விதி இல்லை. விசிலுக்காக நிற்கும்படி நடுவர் சொன்னால் மட்டுமே நிற்க வேண்டும். வாக்குவாதம் நடுவரோடு இருக்கட்டும். பந்தின் மேல் கண் வைக்காமல் முதுகைக் காட்டியது யார் குற்றம்?

கேள்வி: அழுது விடைபெற்றவர் ஏன் திரும்பினார்?

2024 ஜூன் 6, கொல்கத்தா சால்ட் லேக்கில் குவைத்துடன் 0-0. அத்துடன் முடிந்ததாக நினைத்தோம். 2025 மார்ச்சில் ஷில்லாங்கில், 40 வயதில், மாலத்தீவுக்கு எதிராகத் தலையால் முட்டி 95-வது கோலை அடித்தார். அவருக்கு ஆசை இருந்தது என்பது இருக்கட்டும். கூப்பிட்டது ஏன் என்று கேளுங்கள். அந்த ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) பருவத்தில் அதிக கோல் அடித்த இந்தியர் அவர்தான், 14. நம் கிளப்புகள் நடு முன்கள இடத்தை வெளிநாட்டினருக்கே கொடுத்துவிடுகின்றன. இளைஞர்கள் பக்கவாட்டில் ஓடியே பழகுகிறார்கள். பெனால்டி பகுதிக்குள் நின்று ஆட எங்கே கற்பார்கள்?

கேள்வி: மாமனாரும் கால்பந்துக்காரராமே?

ஆமாம், சுப்ரதா பட்டாச்சார்யா. கொல்கத்தாவின் மோகன் பகான் கிளப்பின் தூண் போன்ற தடுப்பாட்டக்காரர். 2002-ல் சேத்ரி அந்த கிளப்பில் சேர்ந்தபோது பயிற்சியாளரும் அவரே.